சத்துணவுக் கூடத்தில் வாசித்த பெண்

கொரட்டூர்,
16.6.2024

அன்புள்ள அண்ணனுக்கு நாகவல்லி எழுதுவது.

நாங்கள் மூன்று பேரும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா, தைலம் உள்ளே விடுகிறார்களா என்று எழுது. அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் அதே தகடு வெட்டும் பிரஸ் ஷாப் வேலைதான். உன் கடிதத்தை எப்போதும் போல அவர் கம்பெனி முகவரிக்கே போடு. வீட்டுக்கு வேண்டாம். பாப்பா இப்போதெல்லாம் தபால்காரர் கையில் இருப்பதை வாங்கி வாசித்துவிடுகிறாள். சிறை முத்திரையைப் பார்த்தால், மாமா மஸ்கட்டில் இருக்கிறார் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிற கதை அன்றோடு சரி.

ஏப்ரலில் அவளுக்குக் காய்ச்சல் என்று எழுதினேனே, அது வெறும் காய்ச்சல் இல்லை. மூத்திரத்தில் ரத்தம் வந்தது. டாக்டரம்மா, "இந்தப் பொண்ணு தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள். பள்ளியில் பெண் பிள்ளைகளின் கக்கூஸ் இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அவசரம் வந்துவிடுமோ என்ற பயத்தில் தண்ணீரைத் தொடுவதே இல்லையாம். நான் பாட்டிலில் நிரப்பிக் கொடுப்பதைச் செடிக்கு ஊற்றிவிட்டு வெறும் பாட்டிலோடு வந்திருக்கிறாள். அடிக்கக் கை ஓங்கினேன். கடைசியில் அழுதது நான்தான்.

எட்டு வகுப்புக்கும் சேர்த்து ஹெட்மிஸ்ட்ரஸும் இன்னொரு டீச்சரும்தான். மற்றவர்களை வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தக் கொடுமையைக் கேட்க இரண்டு வக்கீல்கள் சனிக்கிழமைதோறும் சத்துணவுக் கூடத்துக்கு வருகிறார்கள். ஒருத்தி நிவேதிதா, இன்னொருவன் கிஷோர். இரண்டும் சின்ன வயசு. ஒரு காசு வாங்குவதில்லை. பள்ளிக்கு எதிர் வீட்டு ராஜம்மா சும்மா இருப்பாளா, "இன்னா வக்கீலம்மா, பீஸு வாங்காம சோறு எப்டி துன்றே?" என்று கேட்டேவிட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "வாரத்துல அஞ்சு நாள் பீஸு வாங்கிதான் துன்றேன் அக்கா" என்றது. எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை,
நாகவல்லி

*

திருச்சி மத்திய சிறை,
2.7.2024

அன்புத் தங்கை நாகுவுக்கும் மாப்பிள்ளை வேலுசாமிக்கும் வேம்புலி எழுதுவது.

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது, வலியும் அதோடு இருக்கிறது. தைலம் கிடைத்தது. பேக்கரியில் வேலை போட்டிருக்கிறார்கள். நான் செய்கிற பன்னை நீ தின்றால் என்னை மன்னித்தாலும் மன்னிப்பாய், பன்னை மன்னிக்க மாட்டாய்.

பாப்பா விஷயம் படித்து இரண்டு நாள் பன்னை எல்லாம் கருக விட்டேன். கொலைகாரன்கள் அடைந்து கிடக்கிற இடத்தில் கக்கூஸும் இருக்கிறது, குழாயில் தண்ணீரும் வருகிறது. ஒரு பாவமும் பண்ணாத பிள்ளைக்கு இல்லை. இப்போது குடிக்கிறாளா? பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைத்துவிட்டு அனுப்பு.

வக்கீல்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். ஆனால் கோர்ட் பக்கம் போகாதே. அந்தப் படிக்கட்டை நான் ஏறி இறங்கியது போதும். வேறு பள்ளி ஏதாவது பார்.

அண்ணன்,
வேம்புலி

*

கொரட்டூர்,
11.8.2024

அண்ணனுக்கு நாகவல்லியின் வணக்கம். நாங்கள் நலமே. பாப்பா தண்ணீர் குடிக்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே போய் ராஜம்மா வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். என் ஒருத்தியால் முடிகிறது. வேலைக்குப் போகிற அம்மாக்கள் என்ன செய்வார்கள்? இரண்டு பெண்கள் வயசுக்கு வந்ததும் நின்றேவிட்டார்கள்.

வேறு பள்ளி என்றாய். இருப்பதெல்லாம் பாடி மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம், லாரிகளுக்கு நடுவே போய் வர வேண்டும். தனியார் பள்ளியின் வாசல் பக்கம்கூட நாம் நிற்க முடியாது.

ஐகோர்ட்டில் மனு போட்டாயிற்று, அண்ணே. திட்டாதே. முதலில் ஐந்து பெற்றோர் கையெழுத்துப் போட்டோம். அடுத்த வாரமே கட்சிக்காரர் ஒருவர் வீடு வீடாக வந்தார். மிரட்டல் எல்லாம் இல்லை, ரொம்ப அன்பாகத்தான் பேசினார். "ஏரிப் புறம்போக்குல ஊட்டைக் கட்டிகினு கோர்ட்டுக்குப் போறீங்களே, அங்க உங்க ஊட்டைப் பத்தியும் கேப்பாங்களே, யோசிச்சீங்களா?" என்றார். நாலு பேரும் வாபஸ். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு வாடகை வீடுதானே, என்னிடம் அவருக்குப் பேச ஒன்றும் இல்லை. அதனால் நான் ஒருத்திதான் இப்போது மனுதாரர்.

இந்த நிவேதிதாவிடம் ஒரு பழக்கம் உண்டு. கோர்ட்டில் கொடுப்பதையும் கோர்ட்டிலிருந்து வருவதையும் தமிழில் எழுதி சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். "இது உங்க கேஸு. உங்களுக்குத் தெரியாத ஒரு வரி இதுல இருக்கக்கூடாது" என்பாள். வாசிக்கிறது யார் தெரியுமா? நம்ம பாப்பா. பெஞ்ச் மேல் ஏறி நின்று, கணீரென்று, ஓர் இடத்தில் தடுக்காமல். போன வாரம் என் பிரமாணப் பத்திரத்தை வாசித்தாள். "ஏழாம் வகுப்பு மாணவி மதிவதனியின் தாயான நாகவல்லி சத்தியம் செய்து கூறுவதாவது" என்று அவள் வாயால் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெற்றவளுக்குக்கூட இப்படி ஒரு நாள் வாய்த்திருக்காது.

பதில் போடு.

நாகவல்லி

*

திருச்சி,
25.8.2024

நாகுவுக்கு, எல்லோரும் நலம்தானே. நான் நலம்.

தாய் என்று கோர்ட்டில் சத்தியம் செய்தாயா? ஸ்கூலில் சேர்க்கும்போது உங்கள் இரண்டு பேர் பெயரையும் போட்டீர்கள், அது போகட்டும். பிள்ளையை யாரும் கைநீட்டிப் பேசக்கூடாது என்று செய்தது. கோர்ட் அப்படி இல்லை. எதிர்த் தரப்பு தோண்டுவான். என்னைத் தோண்டினார்களே, எனக்குத் தெரியும். அந்த வக்கீல் பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடு, உடனே.

பாப்பா பெஞ்ச் மேல் நின்று வாசிக்கிற போட்டோ ஒன்று எடுத்து அனுப்புவாயா? முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

வேம்புலி

*

கொரட்டூர்,
6.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு நாகவல்லி. சளி, இருமல் தவிர இங்கே குறையில்லை. உன் கால் எப்படி இருக்கிறது?

நீ சொன்னபடி சொல்லியிருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை சொல்லலாம், அதற்கடுத்த சனிக்கிழமை சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். அதற்குள் அவர்கள் பாடியில் நாம் முன்பு குடியிருந்த தெருவில் விசாரித்துவிட்டார்கள். மனுதாரருக்குப் பிள்ளையே இல்லை, கோர்ட்டில் பொய்ச் சத்தியம் செய்திருக்கிறார், வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று பதில் மனு போட்டுவிட்டார்கள். நல்லவேளை, அதை சனிக்கிழமை வாசிக்கவில்லை. நிவேதிதா என்னைத் தனியாக அழைத்து, "அக்கா, இது நெஜமா?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். மங்களம் அண்ணி எப்படிச் செத்தாள் என்பதையும் சொன்னேன். யாரிடமும் மூச்சு விடாதே என்று கேட்டேன், கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

உண்மையான பெற்றோர் யாராவது வந்தால் வழக்கை நடத்தலாம், இல்லாவிட்டால் தள்ளுபடி என்று ஜட்ஜ் சொல்லிவிட்டாராம். ஏரிக்கரைக்காரர்கள் யாரும் வரமாட்டார்கள். மீதி இருப்பது நீதான். பாப்பாவின் அப்பா நான்தான், இந்தக் காரணத்தால் சிறையில் இருக்கிறேன், என் தங்கை வளர்க்கிறாள் என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அரைகுறையாக எழுதினால் மறுபடி தோண்டுவார்களாம்.

உன்னைக் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். உனக்கு மனசு இல்லை என்றால் யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். உன் உடம்பு இருக்கிற நிலைமையில் இதெல்லாம் வேண்டாம் என்று நீ நினைத்தால் அதுவும் நியாயம்தான். அவசரப்படாதே. நன்றாக யோசித்து எனக்கு எழுது.

நாகவல்லி

*

திருச்சி,
20.10.2024

என் தங்கைக்கு அண்ணனின் ஆசி. கால் வலியெல்லாம் இன்றைக்குக் கணக்கில் இல்லை.

யோசிக்க ஒன்றும் இல்லை நாகு. உன் கடிதம் வந்த வாரத்திலேயே அந்த வக்கீல் பெண் நேரில் வந்தது. தமிழில் எழுதிய பத்திரத்தை வரி வரியாக எனக்குப் படித்துக் காட்டியது. மங்களத்தின் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டது. வேண்டாம், படிம்மா என்றேன். சூப்பிரண்டு முன்னாலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஒன்பது வருடமாக எந்தத் தாளில் என் பெயர் வந்தாலும் பக்கத்தில் கைதி என்றுதான் இருக்கும். இதிலும் இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே "மதிவதனியின் தந்தை நானே" என்று இருக்கிறது. அந்த வரியை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். பக்கத்து செல் அசோக்கிடம் சொன்னேன், அவன் என் பன் ஒன்றைத் தின்று கொண்டாடினான். இழப்பதற்கு ஏரிக்கரையில் எனக்கு வீடு இல்லை. யாரும் என்னை என்ன செய்துவிட முடியும்? வாழ்க்கையில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று தோன்றுகிறது. உனக்கும் சந்தோஷம்தானே? உடனே எழுது.

வேம்புலி

*

திருச்சி,
1.12.2024

நாகு, நலமா? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தீபாவளிக்கும் இல்லை. மாப்பிள்ளைக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா? பாப்பாவுக்கு மறுபடி காய்ச்சலா? நான் கையெழுத்துப் போட்டதில் உனக்கு ஏதாவது வருத்தமா? நீதானே கேட்டாய். ஒரு வரி போடு.

வேம்புலி

*

கொரட்டூர்,
12.1.2025

அண்ணனுக்கு,

உயிரோடு இருக்கிறோம்.

ஆமாம், நான்தான் கேட்டேன். நீ மாட்டேன் என்று எழுதுவாய் என்று நம்பித்தான் கேட்டேன். அப்போது நிவேதிதாவிடம், அண்ணன் சம்மதிக்கவில்லை, நான் என்ன செய்யட்டும் என்று சொல்லியிருப்பேன். வழக்கு போயிருக்கும். பிள்ளை என் பிள்ளையாகவே இருந்திருப்பாள். அது வெட்கம் கெட்ட எண்ணம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கை வரவில்லை. சந்தோஷமா என்று கேட்டிருந்தாய்.

டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை நிவேதிதாவுக்கு வேறு ஊரில் வேலை. கிஷோர் மட்டும் வந்தான். அவள் ஆபீசிலிருந்து வழக்குக் கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. என் சத்தியத்துக்காக அவள் அவனிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளைத் திட்டக்கூட எனக்கு வழியில்லை. வழக்கம் போல பாப்பா பெஞ்ச் மேல் ஏறினாள். வழக்குக் கட்டில் தமிழில் இருந்த தாள்களைப் பிரித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, அவன் வந்தவர்கள் பெயரை எழுதிக்கொண்டு இருந்தான்.

"வேம்புலி ஆகிய நான், என் மனைவி மங்களத்தைக் கொலை செய்த குற்றத்துக்காக ஆயுள் தண்டனை அனுபவித்து வருகிறேன்" என்று ஆரம்பித்தாள். யாரோ ஒரு வேம்புலி என்றுதான் முதலில் நினைத்திருப்பாள். அவளுக்கு நீ மஸ்கட் மாமாதானே, பெயர் சொல்லி நாங்கள் பேசினதில்லை. நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்து போய்ப் பிடுங்கியிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தேன், அண்ணே. "சிறுமி மதிவதனியின் தந்தை நானே" என்று வாசித்தாள். "இதுவரை தாய் என்று கூறப்பட்ட நாகவல்லி என் தங்கை" என்று வாசித்தாள். கிஷோர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது. ராஜம்மா, "போதும் கண்ணு, எறங்கு" என்றாள். பாப்பா இறங்கவில்லை. கடைசி வரி வரை, சூப்பிரண்டு பெயர் வரை, அதே குரலில் வாசித்தாள். முடித்ததும் கிஷோரைப் பார்த்து, "அடுத்த தாள் எங்கண்ணா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்தும் அழவில்லை. அவர் ஷிப்ட் முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவரிடம், "உங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையாட்டினார்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு முந்தி தீர்ப்பு வந்தது. ஜெயித்துவிட்டோம். மூன்று மாதத்தில் கக்கூஸ், தண்ணீர், மூன்று டீச்சர்.

நாகவல்லி

*

திருச்சி,
20.1.2025

நாகு,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நாலு தாள் எழுதிக் கிழித்தேன். பிள்ளை சாப்பிடுகிறாளா? தண்ணீர் குடிக்கிறாளா? அது மட்டும் எழுது.

வேம்புலி

*

கொரட்டூர்,
23.3.2025

அண்ணனுக்கு நாகவல்லி எழுதுவது. உன் உடம்பு எப்படி? சாப்பிடுகிறாள். கேட்டால் குடிக்கிறாள்.

புதுக் கக்கூஸ் திறந்துவிட்டார்கள். மூன்று டீச்சர்களும் வந்துவிட்டார்கள். வீடு வீடாக வந்தாரே, அந்தக் கட்சிக்காரர்தான் ரிப்பன் வெட்டினார். ராஜம்மா அவர் எதிரிலேயே குழாயைத் திறந்து மூஞ்சியைக் கழுவினாள். நின்றுபோன இரண்டு பெண்களும் திரும்ப வருகிறார்கள். பார்க்கக் கண் நிறைந்துதான் போயிற்று. அதை இல்லை என்று சொன்னால் பாவம்.

பாப்பா மட்டும் அந்தக் கேட்டுக்குள் போகவில்லை. ஒருநாள் கொண்டுபோய் விட்டேன். ஐந்தாம் வகுப்புப் பொடிசு ஒன்று, "கொலைகாரர் பொண்ணு வந்துகீது" என்று கத்தியது. கத்தியதற்காக டீச்சர் அதை அடித்தார், அது இன்னும் மோசமாகிவிட்டது. பாப்பா யாரையும் குறை சொல்லவில்லை, மறுநாள் பையை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

என்னை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அம்மா என்றும் இல்லை, அத்தை என்றும் இல்லை. ஏதாவது வேண்டும் என்றால் என் எதிரில் வந்து நிற்கிறாள். நான் நிமிரும் வரை நிற்கிறாள். அடுப்படியில் முதுகு காட்டி நின்றுகொண்டு, எப்போதாவது வாய் தவறியாவது கூப்பிடுவாளா என்று காத்துக் கிடக்கிறேன்.

நிவேதிதா சனிக்கிழமை தவறாமல் வருகிறாள். மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்துவிட்டது, எனக்கும் அலுத்துவிட்டது. பாப்பா அவளிடம் மட்டும் பேசுகிறாள். காஞ்சிபுரம் பக்கம் அரசு விடுதிப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இடம் இருக்கிறதாம். இவளாகவே விசாரிக்கச் சொல்லியிருக்கிறாள். கோர்ட்டில் பதிவாகிவிட்டதால் இனிமேல் பெற்றோர் கையெழுத்து நீதான் போட வேண்டும். என் கையெழுத்து செல்லாது.

அவள் உனக்கு எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். ஒட்டித்தான் கொடுத்தாள், நான் பிரிக்கவில்லை. போன தடவை நீ மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போடு என்று எழுதினேன். இந்தத் தடவை மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் எழுதுகிறேன். போட்டுவிடு அண்ணே. அவள் படிக்கட்டும். நான் இருந்துகொள்கிறேன்.

நாகவல்லி

*

கொரட்டூர்,
22.3.2025

அனுப்புநர்:
வே. மதிவதனி,
ஏரிக்கரைத் தெரு, கொரட்டூர்.

பெறுநர்:
திரு. வேம்புலி,
மத்திய சிறை, திருச்சி.

பொருள்: விடுதிப் பள்ளி விண்ணப்பம் – கையெழுத்து வேண்டுதல் தொடர்பாக.

ஐயா,

உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதவர்களுக்கு எழுதும்போது ஐயா என்று போடலாம் என்று நிவேதிதா அக்கா சொல்லிக் கொடுத்திருக்கிறார். மனுவில் நலம் விசாரிக்கும் வழக்கம் இல்லை. அதனால் விசாரிக்கவில்லை.

நான் எட்டாம் வகுப்பை விடுதியில் தங்கிப் படிக்க விரும்புகிறேன். எங்கள் பள்ளி இப்போது நன்றாக இருக்கிறது. குறை எதுவும் இல்லை. ஆனால் அந்த சத்துணவுக் கூடத்துக்குள் போனால் என் குரல் எனக்குக் கேட்கிறது. அதனால் என்னால் அங்கே படிக்க முடியாது.

இனிஷியல் மாற்ற வேண்டியதில்லை என்று அக்கா சொன்னார். என்னை வளர்த்த வேலுசாமி அவர்களுக்கும் உங்களுக்கும் ஒரே எழுத்துதான்.

என் அம்மா மங்களத்தின் போட்டோ உங்களிடம் இருந்தால் அனுப்பி வைக்கவும். இல்லை என்றால் இல்லை என்று எழுத்துமூலம் தெரிவிக்கவும். அவர் எத்தனாம் வகுப்பு வரை படித்தார் என்பதையும் தெரிவிக்கவும். அவரை ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று இதில் கேட்கவில்லை. ஒரு மனுவில் ஒரு விஷயம்தான் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு தனியாக எழுதுவேன். அப்போது பதில் தர வேண்டும்.

விண்ணப்பத்தை இத்துடன் இணைத்துள்ளேன். தந்தை என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதிவிட்டேன். தாய் என்ற இடத்தில் மங்களம் என்று எழுதிவிட்டேன். பென்சிலால் குறி போட்டிருக்கும் இடங்களில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும்.

விடுமுறைக்கு என்னை அழைத்துப் போக யார் வருவார்கள் என்று இரண்டு பெயர் கேட்டிருக்கிறார்கள். நான் ஒரு பெயர்தான் எழுதியிருக்கிறேன். நாகவல்லி. அதற்குப் பக்கத்தில் உறவு என்ன என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டிருக்கிறேன். மறந்துபோய் விட்டதில்லை. தயவுசெய்து நீங்களும் அதில் எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
வே. மதிவதனி